சோப்பு போட்ட முட்டி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உன் அத்தான் முட்டியில் டாக்டர் போட்டிருந்த குறியை நான்தான் தேய்த்துக் கழுவினேன். ஆபரேஷனுக்கு முன்னால் குளிப்பாட்டச் சொன்னார்கள். இடது முட்டிக்கு மேலே நீல மையில் ஒரு அம்பு. பக்கத்துக் கட்டில்காரர் பேரன் கிறுக்கிவிட்டான் என்று நினைத்து சோப்பு போட்டுத் தேய்த்தேன். லேசில் போகவில்லை. நானும் விடவில்லை.

தியேட்டர் வாசலில் போர்வையை விலக்கிப் பார்த்தால் குறியைக் காணோம். இரண்டு முட்டியும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது, எதை அறுப்பது? திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அறுக்காட்டியும் பரவால்ல, சாப்பாடாவது போடச் சொல்லு" என்று உன் அத்தான் கத்துகிறார்.

அது போகட்டும். குறி இருக்கிறது என்று காலையில் கையெழுத்துப் போட்ட நர்ஸை, பார்க்காமலே போட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம். அவள் பார்த்துத்தான் போட்டாள். நான் கழுவியது அதற்கப்புறம். நீதானே இந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளிப் பாதுகாப்பு அதிகாரி? விசாரணையும் உன் கையில்தானே? உள்ளதை எழுதிவிடு.

ஃபோன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மாடி இறங்கி வந்து அத்தானைப் பார்க்கவும் உனக்குக் கால் வரவில்லை. அதனால் சாப்பாட்டு வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய்க் கறைக்கு நான் பொறுப்பில்லை.

உன் அக்கா

மார்ச் 5

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விசாரணை முடிந்துவிட்டது. கவனக்குறைவு நர்ஸுடையது என்று முடிவாகியிருக்கிறது. குறியை அழித்தது பாதுகாப்பு அதிகாரியின் சொந்த அக்கா என்று வெளியே தெரிந்தால் என் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பாதுகாப்பில் இந்த ஆஸ்பத்திரிக்குப் பரிசு கிடைக்கப் போகிற நேரம் இது. இதிலெல்லாம் உள்ள நுணுக்கம் ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்களுக்குப் புரியாது. யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். சாப்பாட்டு வண்டியில் கடிதம் அனுப்புவதும் விதிமீறல்.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 5, மாலை

மாண்புமிகு மூக்கொழுகி அவர்களுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். தம்பி என்று கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஆபீஸ் முத்திரை வேறு. நீ என் தம்பிதான் என்பதற்கு ஆபீஸ் சாட்சி வேண்டுமா?

எனக்குப் புரியாதுதான். ஆனால் இந்த வார்டில் உன் படம் போட்ட போஸ்டர் இல்லாத இடமில்லை. கதவில் சிரிக்கிறாய், கண்ணாடியில் சிரிக்கிறாய், கக்கூஸில்கூடச் சிரிக்கிறாய். எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: கழுவுங்கள், நன்றாகக் கழுவுங்கள். கழுவினேன். காலில் குறி போடுவோம், அதைத் தொடாதீர்கள் என்று ஒரு வரி எங்கேயாவது உண்டா? சோப்புக்குப் போகிற மையால் மனுஷன் காலில் எழுதச் சொன்ன புத்திசாலி யார்? அதை விசாரிக்க மூளை வேண்டும். நர்ஸ் தலையில் கட்டப் பேனா போதும்.

நாளைக்கு இன்னொருத்தியும் இதே மாதிரி தேய்ப்பாள். அன்றைக்குப் பார்த்து யாரும் போர்வையை விலக்காவிட்டால் நல்ல காலை அறுப்பார்கள். நீ போய் அந்தக் கட்டின்மேல் ஒரு போஸ்டர் ஒட்டு.

அந்த நர்ஸ் இன்றைக்கும் வந்து மருந்து கொடுத்தாள். "நான் பார்த்தேங்கா, சத்தியமா பார்த்தேன்" என்றாள். "கழுவினது நான்தாம்மா" என்றேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் டம்ளரை அத்தான் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

நாளைக்குத் தலைமை டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார். அதற்குள் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்வேன், நீ யாருக்குத் தம்பி என்பதையும் சேர்த்து.

அக்கா

மார்ச் 6

அக்கா,

நான் கீழே வருகிறேன். அதுவரை எதுவும் பேசாதே.

தம்பி

மார்ச் 6, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

பயத்தில் "பேசாதே" என்று எழுதிவிட்டாய். பழையபடி தம்பி ஆனதில் சந்தோஷம்.

நீயும் வந்தாய். உடம்பு எப்படி என்று அத்தானை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூலில் என் பை இருந்தது. அதை நகர்த்தினால் பதவி குறைந்துவிடும் என்று, அவரை எக்ஸ்ரேவுக்குக் கூட்டிப்போகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த வீல்சேரில் உட்கார்ந்தாய். "வாயத் திறந்தே, அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன்" என்று மிரட்டிவிட்டு ஃபோனைக் காதில் வைத்தாய். வார்டு ஆள் வந்து வண்டியைத் தள்ளினார். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரியைத் தள்ளிக்கொண்டு போவது மரியாதை என்று நினைத்திருப்பாய். நானும் தடுக்கவில்லை.

நீ அந்தப் பக்கம் போனதும் தலைமை டாக்டர் இந்தப் பக்கம் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸைக் கூப்பிட்டு, "நீ உன் வேலையைப் பாரும்மா" என்றார். அத்தான் காலில் இப்போது வேறு மையில் அம்பு. நர்ஸை வைத்துக்கொண்டே ஓரத்தில் சோப்பு போட்டுப் பார்த்தேன், போகவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

உன்னை என்ன செய்வது என்று மேலே கூடிப் பேசுகிறார்களாம். இனி அக்கா வேண்டாம் என்றால் முத்திரை போட்டு எழுதி அனுப்பு, வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

எக்ஸ்ரே அறைக்காரர் வந்திருந்தார். அதிகாரி சோதனை போட வந்திருப்பதாக நினைத்து அவர் உன் பெயரைக் கேட்கவில்லையாம். அவர் வேலையைச் செய்து காட்டுவதாக நினைத்து நீயும் காலை நீட்டினாயாம். வண்டியில் இருந்த சீட்டுப்படி படம் அத்தான் பெயரில் வந்திருக்கிறது. முட்டி இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதியிருக்கிறது.

உன் அக்கா