அம்மா முகத்துக்கு மாலை

9.9 திங்கள். காலையிலிருந்து மழை.

மன்னிக்கவும். டைரி எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை. ஆபீஸில் வாய் திறந்து சொல்ல முடியாததை எங்கேயாவது வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் உட்கார இடமில்லை. பாதி நனைந்து ஆபீஸ். (பழைய கடைவீட்டு மாடி. கீழே காப்பிக் கடை. மேலே நாங்கள் ஆறு பேர், வீடியோ கேம் செய்கிறோம்.)

இன்றும் அந்த அம்மாவைப் பற்றித்தான் வாக்குவாதம். எங்கள் கேமில் பேய் வீடு ஒன்றில் நான்கு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விளையாடுபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெளியே கொண்டுவர வேண்டும். முதலில் இருந்த ஒரே இந்தியர் வாசலில் காவலுக்கு நிற்கும் குடிகார ஜாகா, ஆரம்பத்திலேயே செத்துவிடுவார். கதை எழுதும் ஃபாராதான் போன மாதம் கேட்டாள், இந்தியர் என்றால் குடிகாரன், இல்லாவிட்டால் கேங்ஸ்டர், வேறு ஆளே இல்லையா என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நான் ஒருத்திதான் தமிழ். ஃபேக்டரியில் வேலை செய்யும் ஓர் அம்மா என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஜாகா போய் அந்த அம்மா வந்தார்.

இன்று நிறம். விளம்பர வேலையைப் பார்க்கும் கெல்வின், இருட்டில் முகம் தெரியவில்லை, வெளுப்பாக்கு என்றான். ஃபாரா, விளக்கை வெளிச்சமாக்கு என்றாள். விளக்குதான் ஜெயித்தது.

நான் வரைந்தது என் அம்மாவின் முகம். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஆன்ட்டி ஒருவர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் குடும்பத்தைக் கொண்டுவந்து நுழைக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?

அம்மாவுக்குத் தெரியும். "என் மூஞ்சியா? கொஞ்சம் வெள்ளையா போடுடி, யாரு கேக்கப் போறா."

போடவில்லை.

10.9 செவ்வாய். தூறல்.

எங்கள் ஓவியர்களுக்கு மூத்தவர் வெய் ஜியே (இனி வெ.ஜி.). ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரையை முடித்துவிட்டார். ஒவ்வொருவர் படத்துக்கும் ஒரு சட்டம். மற்ற மூவருக்கும் மலாய் சொங்கெட் நெசவு, பூப்போட்ட தரை ஓடு, மணி வேலை. அம்மாவுக்குச் சாமந்தியும் மல்லிகையும் கட்டிய முழு மாலை. கீழே சின்னச் சிவப்பு பல்பு.

ஞாயிறு முழுக்க லிட்டில் இந்தியாவில் நடந்து நடந்து படம் எடுத்தாராம். ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படம் ரொம்பப் பிடித்துப்போனதாம். கடையை ஆரம்பித்தவராக இருக்கும். இப்போது இல்லாதவர்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அப்பா படம். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட மாட்டோம். விளையாட்டுக்குக்கூட.

எல்லோரும் கைதட்டினார்கள். "லதா, நைஸ் ஆர் நாட்?" வெ.ஜி. முகம் முழுக்கச் சிரிப்பு.

நைஸ் என்றேன்.

11.9 புதன். வெயில்.

வாங்க: தயிர், அம்மா முட்டிக்குத் தைலம், போன் கேபிள்.

காலையில் ஃபேக்டரி பஸ் அம்மா முன்னால் நிற்காமல் போய்விட்டது. இங்கே பாகான் டாலாமில் எங்கள் வீட்டுப் பக்கம் வருடக்கணக்காக அதே இடம், அதே டிரைவர். பக்கத்து வீட்டு அக்கா காரில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி வரை கொண்டுபோய் விட்டார். அங்கே கேட்டில் முகம் பார்க்கும் மிஷின் அம்மாவை ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, முடியை ஒதுக்கி, பொட்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். இல்லை. செக்யூரிட்டி அண்ணன், "அக்கா, மிஷினு உங்கள யாருன்னே தெரியாதுங்குது. நெசமா நீங்கதானா?" என்றாராம்.

அம்மா சொல்லிச் சிரித்தார். நானும்.

பிறகு கேட்டார், வீட்டில் பூ வாங்கி வைத்திருக்கிறாயா, மல்லிகை வாசம் வருகிறதே என்று. வாங்கவில்லை. எனக்கு ஒரு வாசமும் வரவில்லை.

12.9 வியாழன். புழுக்கம்.

திரையில் நான்கு முகங்களும் அவ்வப்போது கண் சிமிட்டும். நானே அமைத்தது. மூன்று சிமிட்டுகின்றன. அம்மா சிமிட்டவில்லை. ஃபைலைத் திறந்து பார்த்தேன், நான்குக்கும் ஒரே அமைப்பு. மாலையை மறைத்தேன். சிமிட்டினார். திரும்பப் போட்டேன். நின்றுவிட்டது.

மாலைப் படம் இமைமேல் ஏறியிருக்கும் என்றார் வெ.ஜி. இருக்கலாம். ஆனால் மாலை சட்டத்தின்மேல் தொங்குகிறது, கண்ணுக்குக் கிட்டவே இல்லை.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன், மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று. முகம் மாறிவிட்டது. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மதியம் வெளிநாட்டு வெளியீட்டாளர்களோடு கூட்டம். எடுத்துவிடுகிறேன் என்றார் வெ.ஜி. அவர்கள் விடவில்லை. எல்லாவற்றிலும் அழகு அந்த மாலைதானாம், நாளைக்கு வரும் முன்னோட்டத்தில் முதல் படமே அதுதானாம். கூட்டம் முடிந்ததும் எங்களுக்குள் தொடர்ந்தது.

"வெளையாடறவங்கள்ல எத்தன பேருக்கு இது தெரியும் லா?" கெல்வின்.

"தெரிஞ்சவங்களுக்காகத்தானே இவங்கள வச்சோம்?" ஃபாரா.

பேய் கேம்தானே, கொஞ்சம் செத்த மாதிரி இருந்தால் நல்லதுதான் என்றான் கெல்வின். ஓரிருவர் சிரித்தார்கள். முடிவு: மாலை இருக்கும். பலமான காரணம் யாருக்காவது இருந்தால் நாளைக் காலைக்குள் சொல்ல வேண்டும். வெ.ஜி. என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

வீடு. அம்மா டிவி நாடகத்தில். சிமிட்டுகிறாரா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னடி, என் மூஞ்சிலயா படம் ஓடுது?"

விளம்பரம் வந்து, முடிந்து, நாடகம் திரும்பவும் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் சிமிட்டினார்.

13.9 வெள்ளி. மேகம். ஃபெர்ரியில் எழுதுகிறேன்.

அம்மா கேட்டிலிருந்து போன். மிஷினில் முகத்தைப் புதிதாகப் பதியச் சொன்னார்களாம். முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் வர வேண்டும், வந்தால்தான் படம் எடுக்கும். கட்டம் அம்மாமேல் வரவில்லை. பின்னாலிருக்கும் வெறும் சுவரில் போய் நிற்கிறதாம்.

இன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை. "நான் இங்கதானே நிக்கிறேன்," என்றார். அவர் பின்னால் ஆட்கள் வரிசையாக உள்ளே போகும் சத்தம், ஒவ்வொருவருக்கும் ஒரு பீப்.

வெ.ஜி.க்கு அனுப்ப வேண்டியதை முதலில் இங்கே தமிழில் எழுதிப் பார்க்கிறேன். நேரில் சொல்லப் போனால் திரும்பவும் நைஸ் என்றுதான் சொல்வேன்.

வெய் ஜியே, அந்த ஆன்ட்டி என் அம்மா. உயிரோடு இருக்கிறார். இப்போது ஃபேக்டரி கேட்டில் நிற்கிறார். மாலையை எடுத்துவிடுங்கள். முன்னோட்டத்துக்கு நேரமில்லை, அவர்கள் விடமாட்டார்கள் என்றால் இன்னொன்று கேட்கிறேன். ஃபெர்ரி ஜன்னல் பக்கம் நின்று என்னைப் படம் எடுத்திருக்கிறேன். நேர், இடம், வலம். மூன்றும் இதோடு வருகிறது. மாலை இருந்தே ஆகவேண்டும் என்றால் அம்மாவை எடுத்துவிட்டு என்னை வையுங்கள்.