பிரியாவிடை என்று எழுதிவிட்டார்கள், தம்பி

என் தங்கத் தம்பி வாகீசனுக்கு,

நேற்று கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தேன். வாய்க்குள் இன்னும் கசக்கிறது. நீ தமிழ் படிப்பித்த ரியூட்டரியில் உனக்கு அஞ்சலிக் கூட்டம். மேடைக்குப் பின்னால் பதாகை, நடுவில் உன் படம், மேலே சிவப்பெழுத்தில் ‘பிரியாவிடை’.

அந்தச் சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்டிவிட்டு வந்து, வெள்ளவத்தை அறையில் தேத்தண்ணி குடித்தபடி எனக்கும் சொன்னாயே. “அக்கா, பிள்ளையள் ‘பிரிய விடை’ எண்டு எழுதுதுகள். அது பிரியா விடை. மனம் பிரியாமல் வாங்கிற விடை. விடை எண்டால் அனுமதி. ‘விடு’ எண்டதில இருந்து வந்தது. போறவர் கேட்கவேணும், இருக்கிறவர் குடுக்கவேணும்.”

நீ யாரிடம் கேட்டாய்? சுற்றிவளைப்பில் பொலிசார் பிடித்துக்கொண்டு போனபோது செருப்புப் போடவாவது விட்டார்களா?

அன்றே ரியூட்டரி நிர்வாகியிடம் ஓடினேன். “ஒருக்கா பொலிசுக்கு வந்து, இவர் எங்கட வாத்தியார் எண்டு சிங்களத்தில சொல்லுங்கோ ஐயா.” கதவைப் பாதி திறந்தபடியே சொன்னார்: “அவரோட எனக்கு அவ்வளவு பழக்கமில்லை தங்கச்சி. இங்க நிண்டு கதைக்காதேங்கோ.”

உன்னை வெளியே விட்டபோது உன்னால் நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிந்துபோனாய்.

நேற்று அதே மனிதர் ஒலிவாங்கியைப் பிடித்து, “என் உடன்பிறவாத் தம்பி” என்று அழுதார். லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். அதே மூச்சில், புதிய வகுப்புகள் தொடங்குவதாகவும் அறிவித்தார். எப்படி இருந்திருப்பேன் அந்தக் கதிரையில், தம்பி?

எழும்பிப் போய்ப் பதாகையை அவிழ்த்தேன்.

“என்ன செய்யிறியள்?” என்று அதட்டினார்.

“பழக்கமில்லாத ஆளுக்கு ஏன் ஐயா விடை குடுக்கிறியள்? அவன் விடை கேட்டுப் போகேல்லை. அவனை அடிச்சே கொன்றுபோட்டாங்கள்.”

யாரோ ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். உன் மாணவி ஒருத்தியின் தாய் மட்டும் வந்து, மற்றப் பக்கக் கயிற்றை அவிழ்த்துத் தந்தா.

மரணச் சான்றிதழில் நீ காய்ச்சலில் செத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்துவிடச் சொல்லி அம்மா அழுகிறா. நான் போகமாட்டேன். நாளைக்கு ஒரு சட்டத்தரணியைப் பார்க்கிறேன். அவர் மறுத்தால் இன்னொருவர். எத்தனை கதவு சாத்தினாலும், அந்தக் ‘காய்ச்சல்’ என்ற சொல்லை வெட்டவைக்காமல் கொழும்பை விட்டு அசையமாட்டேன்.

உனக்கு மூத்தவள்,
மலர் அக்கா