படிக்கட்டில்லாத வீடு

அன்புள்ள மருமகளுக்கு,

காலையில் என் மகன் வந்து, "அவள் எங்கை, அம்மா? உங்களுக்குத் தெரியும்" என்றான்.

"எனக்கொண்டும் தெரியாது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போ" என்றேன். குடிக்காமலே போனான். இதை எழுதத் தொடங்கியபின் மூன்று தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டேன்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளானாலும் பொய் எனக்குப் புதிதல்ல. உன் மாமா இருந்த காலத்தில், முகம் வீங்கிய நாட்களில், "படிக்கட்டில விழுந்திட்டன்" என்று அயலவரிடம் சொல்வேன். இந்த வெள்ளவத்தை வீட்டில் படிக்கட்டே இல்லை. என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

போன வருடம் கையில் கட்டுடன் வந்து நீயும் அதையே சொன்னாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வத்தளையில் அந்தப் பெண்கள் காப்பகத்திலேயே இரு. சாட்சி சொல்ல நான் வருவேன் என்று உன் சட்டத்தரணியிடம் சொல். நீதவான் கேட்டால் என் படிக்கட்டிலிருந்தே தொடங்குவேன்.

உன் மாமி