பஸ் ஸ்டாப்பில் நின்ற கதாநாயகர்கள்

அண்ணி,

நேற்று மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகிற பஸ்ஸில் ஏதோ படம் போட்டிருந்தார்கள். கதாநாயகன் ஒரு பெண்ணின் பின்னாலேயே போகிறான். அவள் முறைக்கிறாள், திட்டுகிறாள், வேறு தெருவில் திரும்புகிறாள். அவன் சிரித்துக்கொண்டே அந்தத் தெருவிலும் வந்து நிற்கிறான். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண் கன்னத்தில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

நம் வீட்டிலும் ஒரு காதல் கதை இருந்தது. பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறித் தையல் வேலைக்குப் போவீர்கள் நீங்கள். என் அண்ணன் பைக்கோடு அந்த ஸ்டாப்பில் ஒரு வருஷத்துக்கும் மேலாக நின்றார். மழையிலும் நின்றார். கடைசியில் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டார். உடனே கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இதைச் சொல்லி, "சினிமாவுல கூட இப்டிப் பாத்ததில்ல" என்று முடிப்பாள். அண்ணன் வெட்கப்பட்டுச் சிரிப்பார். நீங்கள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள். அதையும் வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு தையல் வேலைக்கு அவர் உங்களை விடவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று ஜெயித்தவருக்கு, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒவ்வொருத்தன் மேலும் சந்தேகம். "அளத்துக்குப் போ, அங்க எல்லாம் பொம்பளைங்க" என்றார். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நீங்கள் உப்பளத்தில் கூடை சுமந்தீர்கள். அங்கே போன பிறகும் மேஸ்திரியோடு என்ன பேச்சு என்று கேள்வி வந்துகொண்டேதான் இருந்தது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருஷம், நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தேன். எதிரே செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்த பிரபு என் பின்னால் சுற்ற ஆரம்பித்தான். வேண்டாம் என்று சொன்னேன். ஆனாலும் அவன் கண்ணில் படாத நாளில் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் என் பெயரின் முதல் எழுத்தை முழங்கைக்குக் கீழே பிளேடால் கீறிக்கொண்டு வந்து காட்டினான். பூத்தில் கூட இருந்த பெண் அழுதேவிட்டாள். "இப்டி ஒருத்தன் கெடைப்பானாடி?" என்றாள். மறுநாள் சரி சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று சாயந்திரம் உங்களிடம் சொன்னேன். பாத வெடிப்புகளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தீர்கள்.

"நீ வேணாம்னு சொன்னியா?"

"ரெண்டு வாட்டி சொன்னேன் அண்ணி."

"அவன் காதுல அது விழுந்துதா?"

"அதுக்கப்புறமும் வர்றான்னா அதானே அண்ணி காதல்? அண்ணன் கூட..."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தீர்கள்.

"உங்க அண்ணன் கையக் கிழிச்சிக்கினாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லாம் என்னையேதான் பாத்தாங்க. எங்கப்பா கூட, 'ஒரு உசுரு போயிடும்மா'ன்னாரு. நான் சரின்னு சொல்லல வசந்தி. வேற என்னா சொல்றதுன்னு தெரியாம நின்னுக்கினு இருந்தேன்."

மறுநாள் அளத்துக்குப் போகாமல் என்னோடு வந்தீர்கள். பிரபு கடை வாசலில் கூட்டாளிகளோடு நின்றிருந்தான். நேரே போனீர்கள்.

"தம்பி, அவ முடியாதுன்னா என்னா பண்ணுவ?"

"செத்துடுவேன்க்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"சரின்னு சொல்லிட்டு, நாளைக்கி மனசு மாறி வேணாம்னா?"

சிரிப்பு போய்விட்டது. "விடமாட்டேன்" என்றான். கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். திரையில் கேட்டிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். அவன் கண்ணைப் பக்கத்தில் பார்த்ததும் உங்களை ஒட்டி நின்றுகொண்டேன்.

அதற்குள் யாரோ சொல்லி அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். "எவன்டா அவன்?" என்று கையை ஓங்கிக்கொண்டு போனார். நீங்கள் குறுக்கே நின்றீர்கள். சத்தமே போடவில்லை.

"அடிங்க. ஆனா அவன் செஞ்சதுல நீங்க செய்யாதது எதுன்னு சொல்லிட்டு அடிங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தக் கையில்தான் தழும்பு இருந்தது. அண்ணன் பைக்கைத் தள்ளிக்கொண்டே போனார். பிரபுவிடம் நான் இன்னொரு முறை வேண்டாம் என்றேன். உங்கள் பக்கத்தில் நின்று சொன்னதாலோ என்னவோ, அந்த முறை அது அவன் காதில் விழுந்தது. கொஞ்ச நாளில் கடையை விட்டுவிட்டு சென்னைக்குப் போய்விட்டான்.

அடுத்த மாதம் நீங்கள் தையல் வேலைக்குப் பஸ் ஏறினீர்கள். அண்ணன் தடுக்கவில்லை. ஆனால் சாயந்திரம் நீங்கள் இறங்குகிற நேரத்துக்கு ஸ்டாப்பில் வந்து நிற்பார். அது காதலா, காவலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம், யோசிக்க வேண்டும் என்றேன். "சரிங்க, யோசிச்சி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர் போன்கூடப் பண்ணவில்லை. எனக்கு அதிலும் சந்தேகம். "என்மேல இஷ்டமே இல்லியோ அண்ணி?" என்று கேட்டேன். "நீ சொன்னத கேட்டுக்கினு போயிருக்கான். அது இஷ்டமா இல்லியான்னு நீயே போய்க் கேளு" என்றீர்கள். கேட்டேன். இப்போது எங்களுக்கு ஒரு மகள்.

போன வருஷம் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள். கருமாதிக்கு வந்தவர்களிடம் அண்ணன் அந்தக் கதையை மறுபடி ஆரம்பித்தார். பஸ் ஸ்டாப், மழை, பிளேடு. பொய்யழுகை இல்லை அண்ணி, உடம்பெல்லாம் குலுங்க அழுதார். சுற்றி இருந்தவர்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அதுக்கு அண்ணி என்னா சொன்னாங்கண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலமா" என்றார். "அவ ஒண்ணுமே சொல்லல."

அதற்கு மேல் அவர் கதையைத் தொடரவில்லை.

இப்போதெல்லாம் யார் வந்து காதல் கதை சொன்னாலும், நடுவில் நிறுத்தி, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர் யோசிக்கிறார்கள். பதில் வரும்வரை நான் அழுவதில்லை அண்ணி.

வசந்தி