எங்கள் பாட்டன் பெயரில் ஒரு ஆட்டக்காரன்

ஆகஸ்ட் 19

இன்று படகுகள் நிறையக் கொண்டுவந்தன. மீன் மலிவு. அரைக்க ஆள் போதவில்லை, நானே உரலடியில் உட்கார்ந்தேன். மீன்வடைக்கு மாவு பதமாக வந்தபோது மாடியில் குடியிருக்கும் கால்பந்துக்காரன் ஜோசிமார் இறங்கி வந்தான். பயிற்சிக்குப் போகும் உடுப்பில் இல்லை. குளித்து, சட்டைக்குப் பொத்தான் எல்லாம் போட்டு, பெண் கேட்க வந்தவன் மாதிரி நின்றான்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுப் பேரை எனக்குக் குடுப்பீங்களா?"

பிரேசிலில் பிறந்தவன் நம் நாட்டுக்கு ஆடவேண்டுமானால் ஹனோயில் மனுப் போட்டு நம் குடிமகன் ஆகவேண்டும். அதற்கு நம் ஊர்ப் பெயர் ஒன்று வேண்டுமாம். கிளப்பில் ஏதோ ஒரு பெயரை எழுதிக்கொண்டு வந்து நீட்டினார்களாம். வேண்டாம் என்றுவிட்டான். "எனக்கு வீடு இருக்குன்னு சொல்லிட்டேன் அத்தை."

மாடியில் குடிவந்தபோது அவனுக்கு "சோறு", "வலிக்குது" என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசப் பழக்கினார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிப் படிகளில் அவரைத் தூக்கி இறக்கியவன் இவன்.

லாம் என்பது அவர் குலத்துப் பெயர். என் மகள்களுக்கும் அதுதான். கொடுத்தேன். யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 21

குலப்பெயர் ஆயிற்று. கூடவே ஒரு சொந்தப் பெயர் வேண்டும். இரண்டு நாளாக அதே நினைப்பு. செத்தவர்கள் பெயரை வைக்கக்கூடாது, உயிரோடு இருக்கும் பெரியவர்கள் பெயரும் ஆகாது. லாம் குலத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை பெயரையும் விரல் விட்டுக் கழித்துப் பார்த்தேன். லுவான் என்ற பெயர் மட்டும் ஒருவருக்கும் இல்லை. நான் சிறுபெண்ணாக வடக்கிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது துறையில் லுவான் என்று ஒரு கணவாய் வியாபாரி இருந்தார். எடையில் கைவைக்காத ஒரே ஆள்.

லாம் லுவான். சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். மைதானத்துக்கு ஏற்ற பெயர்.

செப்டம்பர் 2

சுதந்திர தினம். தெருவில் எல்லாருக்கும் முன்னால் கொடி கட்டியது எங்கள் மாடி. பயல் தானே போய் வாங்கிவந்திருக்கிறான்.

அக்டோபர் 11

குடியுரிமை கிடைத்துவிட்டது! ஹனோயிலிருந்து சேதி வந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பில். பக்கத்துக் கடை சென் இறக்கிவைத்தாளாம். அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

"என்னடி லாய், முப்பத்தோரு வயசுக்காரனை ஆறடிப் பிள்ளையாப் பெத்திருக்கே. சுகப்பிரசவமா?"

"ஆமா. பத்தியச் சோறு நீதான் போடணும்."

சந்தை முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தையில் நான் அழுது யாரும் பார்த்ததில்லை, வெங்காயக் கூடைப் பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் அவன் அம்மாவைப் போனில் கூப்பிட்டான். பெலெம் என்ற ஊர், ஆற்றங்கரை, அங்கே அப்போது காலை. அந்தம்மா பேசியதை அவன்தான் எனக்குச் சொன்னான்: "பேரு என்னவேணா இருக்கட்டுமாம். மழையில நனைய விடாதீங்கன்னு சொல்லுது. சின்ன வயசுல எனக்குச் சளி பிடிக்குமாம்." அம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

டிசம்பரில் தென்கிழக்காசியக் கோப்பை. நாட்டு அணிப் பயிற்சியாளர் இருமுறை வந்து இவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். இந்த வயதில், அந்த அடிபட்ட முழங்காலோடு, இதற்கடுத்த கோப்பைக்கு இவன் இருக்கப்போவதில்லை. அவனுக்கும் தெரியும்.

அக்டோபர் 14

எப்படி எழுதுவது.

சின்ன மாமா வந்தார். என் மாமனாரின் தம்பி, லாம் குலத்துக்கு இப்போது அவர்தான் மூத்தவர். இரண்டு சந்து தள்ளி, காப்பிக்கடைக்குப் பின்வீடு. தேநீர் வைத்தேன், தொடவில்லை. கையில் செய்தித்தாள். ஜோசிமாரின் படத்துக்குக் கீழே இருந்த பெயரை விரலால் தட்டினார். வாயால் சொல்லவில்லை.

"இது யார் வச்ச பேரு?"

"நான்தான் மாமா."

"இது என் தாத்தாவோட பேரு."

உட்கார்ந்திருந்த முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல நூறு வருசமா இந்தப் பேரை யாரும் வாயால சொன்னதில்லை. பிள்ளைங்களுக்கு வச்சதில்லை. பூசையில மட்டும் காதோட காதா சொல்லுவோம். நீ அதைச் சட்டை முதுகுல எழுதி மைதானத்துல ஓடவிடப் போறியா?"

"தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது."

"அவன் கோல் போட்டா அவனுக்குப் பேரு. கோட்டை விட்டா ஊரே சேர்ந்து எங்க பாட்டனைத் திட்டும். மாத்தச் சொல்லு."

போய்விட்டார்.

அக்டோபர் 15

குலத்தில் யாருக்கும் இல்லாத பெயர் என்று பார்த்துப் பார்த்து வைத்தேனே. ஏன் யாருக்கும் இல்லை என்று ஒரு தடவை யோசிச்சேனா? துறையில் ஒருத்தன் பாதி விலைக்கு மீன் கொடுத்தா ஏன்டான்னு செவுளைத் தூக்கிப் பார்க்கிறவ நான். இதுல எங்கே போச்சு புத்தி? இருபத்தாறு வருசம் அந்த வீட்டு மருமகளா இருந்திருக்கேன். ஒருத்தர் வாயிலயும் அந்தப் பேர் வரலைன்னு இப்பதான் உறைக்குது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் முதல் நாளே கையைப் பிடித்திருப்பார்.

அக்டோபர் 20

விசாரித்தேன். பெயரை மாற்றலாம். ஆனால் எல்லாத் தாளும் முதலிலிருந்து. ஜனவரிக்கு முன்னால் முடியாது. அணிப்பட்டியலோ நவம்பரில் போய்விடும். மாற்றினால் கோப்பை இல்லை. அவ்வளவுதான்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அவனுக்குச் சந்தையிலேயே தெரிந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவைத்தான்.

"நான் போகலை அத்தை. பேரை மாத்திக்கலாம்."

"முழங்கால் காத்திருக்குமா?"

"மாமா குலத்துல எல்லாரும் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்கு அந்தச் சட்டை எதுக்கு? நான் அவங்க பேரைக் கேட்டதே அவங்களோட இருக்கத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இங்க பாரு. நீ கேட்டே, நான் குடுத்தேன். வித்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கிற பழக்கம் இந்தக் கடையில கிடையாது. தப்பு என்னோடது. அதைச் சின்ன மாமாகிட்ட நான் பார்த்துக்கிறேன். நீ போய் ஆடு. நல்லா ஆடு. அது ஒண்ணுதான் நீ செய்யவேண்டியது."

"நல்லா ஆடலைன்னா?"

தள்ளிவைத்த தட்டை இழுத்துச் சோற்றைப் போட்டேன்.

அக்டோபர் 27

வெற்றிலை, பாக்கு, அரிசிச் சாராயம் எடுத்துக்கொண்டு சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். தப்புக்கு மன்னிப்பு. பெயரை இப்போது மாற்றமாட்டோம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

நவம்பர் 9

இன்று என் வீட்டுக்காரர் இறந்த நாள். மூன்று நாளாகச் சமைத்தேன். கோழி, பொரித்த சுருள், மூங்கில் குருத்து சூப், அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு. பாய் விரித்து, ஆறு ஆறு பேருக்கு ஒரு தட்டாக வரிசையாக வைத்தேன். பூசைக்கு ஊதுவத்தி கொளுத்தினேன்.

லாம் குலத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

மகள்கள் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பில் ஏடு படிந்தது. ஜோசிமார் எழுந்து வெளியே போனான். பயந்துவிட்டேன், எங்கே போகிறானோ என்று. அரைமணியில் கிளப் பையன்கள் மொத்தப் பேரையும் கூட்டிவந்தான். கோல்காப்பாளன் முதல் துணி துவைக்கிறவர் வரை. வழியில் பக்கத்துக் கடை சென், அவள் புருஷன் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவர் படத்துக்கு முன் குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

"நல்லவேளை உன் சொந்தக்காரங்க வரலை," என்றாள் சென். "இவனுங்க தின்ன தின்னுக்கு அவங்களுக்கு எலும்புகூடக் கிடைச்சிருக்காது."

சிரித்தேன். ஆனால் அவர் படத்தைப் பார்க்கும்போது... விடு.

நவம்பர் 26

அணிப்பட்டியல் வந்தது. லாம் லுவான், எண் பதினாலு. கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

டிசம்பர் 10

முதல் ஆட்டம், மியான்மரோடு. காப்பிக்கடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். கீதம் பாடும்போது கேமரா அவன் முகத்தில் நின்றது. ஒரு வார்த்தை விடாமல் பாடினான். மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பாடிப் பாடி எங்கள் தூக்கத்தைக் கெடுத்தவன் அவன்.

இரண்டாம் பாதியில் இறக்கினார்கள். வந்த கொஞ்ச நேரத்தில் பந்து காலடிக்கு வந்தது. எதிரே காலியான கோல். வானத்துக்கு அடித்தான்.

கடைக் கூரையே பிய்த்துக்கொண்டது. "லுவான், கண்ணுல வெண்ணெயாடா?" "லுவானை எருமை மேய்க்க அனுப்புங்கடா!"

பின்வீட்டுக் கதவு திறந்தது. சின்ன மாமா. பனியன், செருப்பு, கையில் விசிறி. நேராக எருமை என்று கத்திய பையன் முன்னால் போய் நின்றார்.

"யாரை எருமை மேய்க்கச் சொன்னே?"

"ஐயோ பெரியப்பா, நான் ஆட்டக்காரனைத்தான்..."

"ஆட்டக்காரனுக்கு முதுகுல நம்பர் போட்டிருக்கில்ல? பதினாலுன்னு சொல்லித் திட்டு. பேரைச் சொல்லித் திட்டினே, விசிறிக் காம்பு உடைஞ்சிரும்."

அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது.

டிசம்பர் 18

இப்போது காப்பிக்கடையில் அது சட்டமாகிவிட்டது. திட்டுவதென்றால் "பதினாலு". பாராட்டுவதென்றால் "லுவான்". மீறினால் சின்ன மாமாவின் விசிறி. அதைக் காவல் காக்கவென்றே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து உட்காருகிறார். கால்பந்து பிடிக்காதவர். ஆஃப்சைட் என்றால் என்னவென்று இன்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று லாவோஸோடு லுவான் போட்டது இரண்டு கோல். இரண்டாவது தலையால் முட்டியது. "லுவான்! லுவான்!" என்று கடை அதிர்ந்தது. சின்ன மாமா தலையைக் குனிந்து காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அதில் சர்க்கரையே போடவில்லை.

டிசம்பர் 30

அரையிறுதி வென்றோம். ஹனோயிலிருந்து போனில் பேசினான். முழங்காலில் பனிக்கட்டி கட்டியிருக்கிறானாம். "வலிக்குதா?"ன்னு கேட்டேன். "இல்லை"ன்னு உடனே சொன்னான். அவ்வளவு சீக்கிரம் சொன்னால் வலிக்கிறது என்று அர்த்தம். "சின்ன மாமா பார்த்தாரா?" என்று கேட்டான். "பார்த்தார்" என்றேன்.

ஜனவரி 5

எழுதியே ஆகவேண்டும்.

இறுதி ஆட்டம், தாய்லாந்தோடு. காப்பிக்கடையைத் தவிரத் தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை, நான் உட்பட. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். அடுத்து லுவானுக்கு ஒரு நல்ல வாய்ப்பு, பந்தைக் காப்பாளன் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான்.

"டேய் பதினாலு! கழுதை! இடது காலு எதுக்குடா இருக்கு உனக்கு?"

திரும்பிப் பார்த்தால் சின்ன மாமா. எழுந்து நின்று கத்துகிறார். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. எதிரியைத் திட்டுகிற கத்தல் இல்லை அது. வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற கத்தல். எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கத்துவார்.

சமன் செய்தோம். முடியப்போகிற நேரத்தில் வலது பக்கமிருந்து பந்து வந்தது. இரண்டு பேருக்கு நடுவில் லுவான். நொண்டிக்கொண்டு ஓடினான், நான் பார்த்தேன், நொண்டினான். இடது காலால் அடித்தான்.

உள்ளே.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நினைவில்லை. தெரு முழுக்க எங்கள் பாட்டன் பெயர். பாத்திரம், மூடி, வண்டி ஹாரன், எல்லாம் அந்தப் பெயர். சென் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்ததில் செருப்பு அறுந்தது. சின்ன மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். பெயர் வரவில்லை, வராது, எழுபது வருடப் பழக்கம். கடைக்காரனின் தகரத் தட்டைப் பிடுங்கி மேசையில் அடி அடியென்று அடித்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவன் தெரியாத்தனமாகக் கேட்டான்: "பெரியவரே, உங்களுக்குச் சொந்தமா?"

"பின்னே? லாம்னு போட்டிருக்கே, கண்ணு தெரியலையா?"

ஜனவரி 8

விடிகாலை சின்ன மாமா போன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவன் எப்ப ஊருக்கு வர்றான்?"

"பதினஞ்சாம் தேதிக்கு மாமா. கால் வைத்தியம் முடிஞ்சதும்."

"மண்வெட்டி பிடிப்பானா?"

"பழக்கணும்."

"சரி." வைத்துவிட்டார்.

ஜனவரி 18

சந்திரப் புத்தாண்டுக்கு முன் குலத்துக் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள். ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு ஆண் மண்வெட்டியோடு வரவேண்டும். மணல்மேட்டில் லாம் குலம் மொத்தமும் கூடியிருந்தது. நவம்பரில் வராதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடை எப்படி ஓடுகிறது, மீன் விலை என்ன என்று என்னென்னவோ கேட்டார்கள். நானும் சொன்னேன். வேறென்ன செய்வது, சொந்தம்.

பிள்ளைகள் ஜோசிமாரைச் சூழ்ந்துகொண்டு படமெடுக்க நின்றார்கள். "படமெல்லாம் புல்லு பிடுங்கின பிறகு!" என்று சின்ன மாமா விரட்டினார். இவனைப் பார்த்து, "பதினாலு, இங்க வா" என்றார்.

மேட்டின் உச்சியில் பாட்டன் கல்லறை. கல்லில் பெயர் செதுக்கியிருக்கிறது. இவன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், நடுவர் முன்னால் நிற்கிற மாதிரி. சின்ன மாமா ஊதுவத்தியைக் கொளுத்தி அவன் கையில் கொடுத்தார். குனிந்து கல்லின் காதோரம் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? அந்தப் பக்கம் பூரா முள்ளு. நொண்டிக் காலைப் பார்த்து வை," என்றார்.

மண்வெட்டியைத் தலைகீழாகப் பிடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ திருப்பிக் கொடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எங்கள் கிளைக்கு நான் ஒவ்வொரு வருடமும் ஒரு கூலியாளைக் கூட்டிப்போவேன். இந்த வருடம் கூட்டிப்போகவில்லை.