நாலு பேருக்கு டிக்கெட்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

எங்கள் மைதானத்தில் நடக்கப்போகிற உலகக் கோப்பைக்கு நம் நாலு பேருக்கும் டிக்கெட் விலை கேட்டேன். "நாற்காலி துடைக்கிற சம்பளத்துல குடும்பத்தோட ஆட்டம் பாக்கணுமா? வருஷம் பூரா பட்டினி கிடந்தாலும் பத்தாதுண்ணே" என்று டிக்கெட் கவுண்டரில் இருக்கிற நம்மூர்க்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். விமானச் செலவு தனி. எங்கள் அறையைக்கூட கம்பெனிக்காரர்கள் ரசிகர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். சாமான் அறையில் படுக்கிறேன். காற்று வருகிறது, கவலைப்படாதே.

தாலிக்கொடியை விற்றாவது வருகிறோம் என்று எழுதியிருந்தாய். உன் காலில் விழுகிறேன், அதைத் தொடாதே. ஊருக்கு வர லீவு தரமாட்டேன் என்கிறார்கள், உங்களைப் பார்க்க எனக்கும் வேறு வழி தெரியவில்லைதான்.

தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. அப்பா கூட்டிப்போவார் என்று பாப்பா பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாளாமே. நீ ஒன்றும் சொல்லாதே, நானே அவளுக்கு எழுதுகிறேன். எப்படி எழுதுவதென்று மட்டும் சொல்லு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்