பச்சைப் பொத்தான் அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், அவர், குழந்தை மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மகள் இந்த வருடம் பள்ளிப் படிப்பை முடித்திருப்பாள். கணக்கில் கெட்டிக்காரி, நல்ல இடமாகப் பார்த்துச் சேருங்கள். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்துக்கொண்டீர்களா?

ஐந்து வருடமாக ஒரு வரி எழுதாதவள் திடீரென்று கையால் எழுதுகிறாளே என்று தோன்றும். உங்கள் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. ரிசப்ஷன் பெண்தான் முகவரியோடு சேர்த்துக் கொடுத்தாள். ஆனால் போனில் பேசுவதும் மெசேஜில் அனுப்புவதும் எங்கேயாவது தங்கிவிடும். அதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே இப்போது என் வேலை. அதனால்தான் பேனா எடுத்தேன்.

நாம் ஒன்றாக வேலை பார்த்த ஸ்கேன் சென்டரை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. ரிப்போர்ட் அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாகிவிட்டது. ஏசி மட்டும் அப்படியே ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். டாக்டர் இன்னும் மூக்கால்தான் பேசிப் பதிவுசெய்கிறார். இடது என்கிறாரா வலது என்கிறாரா என்று மூன்று முறை ஓட்டிக் கேட்டுத்தான் டைப் செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மட்டும் எப்படி ஒரே தடவையில் புரிந்ததோ.

என்னைக் கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து வகுப்பு எடுக்கிறேன். இலவசம் என்று வரும் எதையும் ஆபீஸ் கணினியில் இறக்காதீர்கள் என்பேன். ஒரே பக்கத்தில் நாலு பச்சைப் பொத்தான் இருந்தால் மூன்று பொய், சில நேரம் நாலுமே பொய். உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது என்று கத்துகிற சன்னலுக்கு உங்கள் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் மூலையில் இருக்கும் பெருக்கல் குறிகூட வெறும் படமாக இருக்கலாம், அதைத் தொட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். அதில் போட்டிருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். பிரவுசரையே மொத்தமாக மூடுங்கள், மூட முடியவில்லை என்றால் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிடுங்கள். பயம் வந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம் சொல்வேன்.

வகுப்பில் ஒரு கதையும் சொல்ல வேண்டும். மேலாளரே எழுதிக்கொடுத்தது. பல வருட அனுபவமுள்ள ஒரு ஊழியர் பச்சைப் பொத்தானை அழுத்தி, மூன்று வருட ரிப்போர்ட்டும் படங்களும் ஒரே நாளில் திறக்கவே முடியாதபடி பூட்டிக்கொண்ட கதை. 'பச்சைப் பொத்தான் அம்மா' என்று அந்த ஸ்லைடுக்குத் தலைப்பு. அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். உங்கள் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை அக்கா. கேட்டாலும் சொல்வதில்லை.

இப்போது எழுத வந்ததற்கு வருகிறேன். அந்த பஸ் டிரைவரின் மனைவியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானும் மறக்கவில்லை. டிரைவருடைய நுரையீரலில் இருந்த புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர் முந்தைய வருடப் படத்தைக் கேட்டார். அது பூட்டிக்கொண்டவற்றில் போயிருந்தது. ஒப்பிட ஒன்றும் இல்லாததால் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வந்தபோது பரவியிருந்தது. மேலாளர் உங்களைத் தண்டனையாகக் கவுன்டரில் உட்காரவைத்திருந்த நேரம். தப்பு செய்தவரே பதில் சொல்லட்டும் என்றார். அந்த அம்மா உங்கள் முன்னால் நின்று கேட்ட கேள்வி நான் இருந்த இடம்வரை காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர் மூணு மாசம் சும்மா காத்துக்கிட்டு இருந்தாரு. நீங்க என்னத்தைத் தேடி அதை அழுத்துனீங்க?"

நீங்கள் எழுந்து நின்றீர்கள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை. அடுத்த வாரம் உங்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அந்த டிரைவரும் இறந்துபோனார்.

அந்த அம்மா விடவில்லை அக்கா. கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். கோர்ட் அனுப்பிய நிபுணர்கள் போன மாதம் வந்தார்கள். உங்கள் பழைய கணினியின் டிஸ்க்கை நம் கம்ப்யூட்டர்காரர் ஒரு உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாராம். எனக்கு அது தெரியாது. அழித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அந்தக் கெட்ட புரோகிராம் எந்த நிமிடம் உள்ளே வந்தது என்பதை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்று பன்னிரண்டு.

ஒன்று பன்னிரண்டுக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு மணிக்கு மகளின் பள்ளி விடும். கூட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு ஒன்று நாற்பதுக்குத் திரும்புவீர்கள். கணினியைப் பூட்டாமல், எனக்கு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவீர்கள். நான் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. உங்கள் நாற்காலியில் மெத்தை இருந்தது, என் நாற்காலியில் இல்லை.

என் வீட்டுக்காரரின் வேலை விண்ணப்பத்தை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. இலவசமாக மாற்றித் தரும் பக்கம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பெரிய பச்சைப் பொத்தானாகப் பார்த்து அழுத்தினேன். சிவப்பாக ஒரு சன்னல் வந்து ஏழு வைரஸ் என்றது, கீழே நொடிகள் குறைந்துகொண்டே வந்தன. பயந்துபோய் 'சுத்தம் செய்' என்பதை அழுத்தினேன். அனுமதி கேட்டது, கொடுத்தேன். ஒரு கோடு நூறுவரை ஓடி, எல்லாம் சுத்தம் என்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்கள் மெத்தையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன்.

மூன்று நாள் கழித்துத்தான் எல்லாம் பூட்டிக்கொண்டது. மேலாளர் அறையில் நம் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டபோது, வெள்ளிக்கிழமையிலிருந்து பின்னோக்கி எந்த நாளில் என்ன செய்தோம் என்று யாருக்குமே ஞாபகம் இல்லை. உங்கள் கணினி, உங்கள் பாஸ்வேர்டு. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது, அக்கா காலையில் ஏதோ பச்சையாக அழுத்தினார்கள், நான் பார்த்தேன் என்று. எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வயிற்றில் குழந்தை. அதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிபுணர்கள் உங்களுக்குப் போன் செய்வார்கள். அன்றைக்கு ஒன்று பன்னிரண்டுக்கு இருக்கையில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். வாசல் காவலாளியின் பழைய நோட்டெல்லாம் எடைக்குப் போய்விட்டது, விசாரித்துவிட்டேன். பள்ளியிலும் ஐந்து வருடக் குறிப்பு இருக்காது. இனி எல்லாம் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அன்றைக்கு வெளியே போகவில்லை என்று சொல்லிவிடுங்கள் அக்கா. உங்களுக்கு ஆக வேண்டிய கெடுதல் எல்லாம் ஆகி முடிந்துவிட்டது. புதிதாக உங்களை யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. எனக்கு இனிமேல்தான் எல்லாம்.

இதை நான் கல்நெஞ்சோடு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மகளுக்கு வரும் மாதம் ஐந்து வயது. உங்களை மாதிரியே இடது கையால் எழுதுகிறாள்.

படித்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். மாமாவிடமும் காட்ட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நல்ல மனசுக்கு ஒரு குறையும் வராது.

என்றும் உங்கள் அன்புத் தங்கை.

*

தங்கைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்குப் படி உண்டு, பழகிவிட்டது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கோர்ட்டு ஆள் திங்கட்கிழமையே போன் செய்துவிட்டார். பேசுவது பதிவாகிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை இருக்கையில் இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன், நான்தான் அழுத்தினேன் என்று சொன்னேன். நீ சொல்லச் சொன்னதை, நீ சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லி முடித்துவிட்டேன். நீ இதை எழுதியிருக்கவே வேண்டியதில்லை.

பொய் சொன்னேன் என்று நினைக்காதே. மணி என்ன என்றுகூட யோசிக்காமல் அப்படித்தான் நம்பியிருந்தேன். முதல் மாதம் முழுக்க நான் அழுத்தவில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவ கண்ணால பார்த்தேங்கறா. அவளுக்கு உன்மேல என்ன பகை?" யோசித்துப் பார்த்தேன், உனக்கு என்மேல் ஒரு பகையும் கிடையாது. மசக்கை நாளில் உன்னை ஸ்டோர் ரூமில் படுக்கவைத்துவிட்டு உன் ரிப்போர்ட்டையும் சேர்த்து நான் அடித்திருக்கிறேன். அப்படியானால் நீ பார்த்தது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். எனக்குத்தான் ஞாபகம் இல்லை. கொஞ்ச நாளில் ஞாபகமும் வந்துவிட்டது. அந்தப் பொத்தானின் பச்சை, அதை அழுத்திய விரல், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஊரைவிட்டு வருவதற்கு முன் அந்த டிரைவர் வீட்டுக்குப் போனேன். நான்தான் அழுத்தினேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். அந்த அம்மா திட்டவில்லை. உள்ளே போய் அவர் போட்டோவை எடுத்துவந்து என் கையில் கொடுத்து, பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். கணினி இல்லாத வேலையாகக் கேட்டு வாங்கினேன். வீட்டில் யாருடைய போனையும் தொடுவதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து என் மகள் "அம்மா, தொடாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். ஒரு பஸ் டிக்கெட் பதிவு செய்யக்கூட அவளைத்தான் கேட்க வேண்டும். மாமா விருந்தாளிகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

உன் கடிதத்தைப் பிரித்தது அவள்தான். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன், வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கடிதத்தை என் பக்கம் நீட்டினாள். மீதியை நானே வாங்கிப் படித்தேன். பிறகு இருவரும் சாப்பிட்டோம். பாத்திரம் கழுவும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்று, தன் போனை எடுத்து என் ஈரக் கையில் வைத்தாள். எனக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிழித்துவிடச் சொல்லியிருக்கிறாய். கிழிக்கலாம் என்றுதான் கேட்டேன், அவள் தரவில்லை. தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். போனில் சொன்னதை எழுத்தில் வாங்கிக் கையெழுத்துப் போடவைக்க வரும் வியாழக்கிழமை கோர்ட்டு ஆள் வீட்டுக்கு வருகிறார். அவள் அன்றைக்குக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கப் போக வேண்டும், போகவில்லை என்கிறாள். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப்போவதும் இல்லை. வியாழன் கழித்து உனக்கு எழுதவும் மாட்டேன்.

உன் பெண்ணை இடது கையாலேயே எழுத விடு, மாற்றாதே.

நல்லா இரு.

அக்கா.